பழைய பொருள்களைக் கொண்டு நடமாடுங் கோழிக்கூடு அமைத்தல்

மாட்டுப்பட்டியை வயலில் இடத்துக்கிடம் மாற்றிக் கட்டி நிலத்திற்கு எருவூட்டும் முறை இந்நாட்டுக் கமக்காரர் நெடுங்காலமாக அறிந்ததே. அம்முறையைக் கோழிகளைக் கொண்டு மரக்கறிப் பாத்தியில் நடத்துவதற்குரிய சாதனமே நடமாடுங் கோழிக்கூடாகும். அடித்தளமில்லாத இக்கூட்டை வெறும் பாத்தியின்மேல் வைத்தால், கோழிகள் முளைக்குங் களைகளையும் புழுபூச்சிகளையும் கிளறித் தின்று, எருவையும் அவ்விடத்திலேயே இடும். முட்டையிடும் பேடொன்று நாளொன்றுக்கு ஏறக்குறைய 100 கிராம் எச்சமிடும். எனவே ஆறு பேடுகளிடமிருந்து நாள்தோறும் அரைக் கிலோவுக்குக் குறையாத எருவைச் சுமக்காமலே பெறலாம்.

இப்பயன் கிடைப்பதும் கிடைக்காமற் போவதும் கூட்டின் பாரத்தைப் பொறுத்தது. தடித்த மரத்தால் அமைத்த கூட்டை முதல் வாரம் நகர்த்துவார்கள். பின்னர் அது ஒரே இடத்தில் நின்றுவிடும். நின்ற இடம் சேறாகி நாறுவதோடு, இரத்தக்கழிச்சல் நோய்க்கும் இடமாகும். அந்நோயின் கிருமி எச்சத்துடன் வெளிவந்து, ஈரமும் வெப்பமும் உள்ள மண்ணில் ஓரிரு நாளிலே தொற்றக்கூடிய நிலையை அடைகின்றது. ஆகையால் கூட்டை நாள்தோறும் நகர்த்துதல் வேண்டும். பழைய பொருளொன்றைக் கையில் எடுக்கும்போது அதன் உறுதியைப் பார்ப்பதுடன் பாரத்தையும் பார்த்தல் அவசியம்.

ஆறு பேடுகளுக்கு 8 அடி நீளமும் 4 அடி அகலமும் 3 அடி உயரமுமுள்ள கூடு போதும். ஒரு முனையில் 2 அடி நீளத்தை நாற்புறமும் அடைத்து இராத்தங்கும் அறையாக்குக. அதில் 4 அடி நீளக் குந்துதடி ஒன்றை வைத்தால் கோழிக்கு 8 அங்குலம் வீதம் இடங் கிடைக்கும். முட்டைப் பெட்டிக்கு ஒரு சதுர அடியுள்ள பழைய பழப்பெட்டி நன்று. அது குந்துதடியிலும் தாழ்வாக இருக்க வேண்டும். இல்லாவிடிற் கோழிகள் பெட்டியிலேயே உறங்கி முட்டைகளை அழுக்காக்கும்.

சட்டத்திற்கு மூங்கில், கமுகஞ் சலாகை, கழித்த பி.வி.சி. குழாய் ஆகியன ஏற்றவை. கூரைக்குக் கிடுகே சிறந்தது, பாரமில்லாதது, குளிர்ச்சியானது. பழைய தகரத்தை இடுவோர் அதன்மேல் ஓலை பரப்புதல் வேண்டும். உடைந்த அஸ்பெஸ்ரோஸ் தகட்டை மாத்திரம் எவரும் வெட்டவோ அறுக்கவோ கூடாது. அதன் தூசி சுவாசப்பையிற் புகுந்து புற்றுநோயை உண்டாக்கும். பூச்சிகொல்லி, களைகொல்லி வந்த கலன்களும் எத்தனை முறை கழுவினாலும் தண்ணீர்ப் பாத்திரமாக உதவா.

பக்கங்களுக்குப் பழைய மீன்வலையைக் கட்டுவோர் பலர். அது கோழியை உள்ளே மறிக்குமேயன்றி, நாயையும் கீரியையும் வெளியே மறியாது. வலையை மேற்புறத்திற்கு வைத்துக்கொண்டு, பக்கங்களுக்கு அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையைப் புதிதாக வாங்குதலே மேல். செலவழிக்கத் தக்க இடம் இதுவே. இராத்தங்கும் அறையின் கதவையும் மாலைதோறுங் கொளுவி விடுக. நிலம் மேடுபள்ளமாயின், அடிச்சட்டத்தைச் சுற்றிப் பழைய ரியூப் துண்டுகளைத் தொங்கவிட்டு இடைவெளியை மறைக்கலாம்.

ஒரு முனையில் இரண்டு பழைய சைக்கிட் சில்லுகளைப் பூட்டினால், மறுமுனையைத் தூக்கி ஒருவரே கூட்டை உருட்டிச் செல்லலாம். உருட்டும்போது பின்சட்டத்திற் கோழியின் கால் அகப்படாதபடி மெல்ல நகர்த்துக. 40 அடிப் பாத்தியை இவ்வாறு ஐந்து நாளில் முடிக்கலாம்.

கோழியெச்சத்திற் சல்மோனெல்லா போன்ற, மனிதருக்கும் வயிற்றுநோய் தருங் கிருமிகள் இருக்கக்கூடும். ஆகவே பயிர் நிற்கும் பாத்தியிற் கூட்டை வைத்தலாகாது. கூடு நீங்கிய நாளுக்கும் அறுவடைக்கும் இடையே, மண்ணைத் தொடும் மரக்கறிகளுக்கு 4 மாதமும், பந்தலிற் காய்க்கும் பாகல், புடல் முதலியவற்றிற்கு 3 மாதமும் செல்லவேண்டும். ஒரு மாதத்திற் பறிக்குங் கீரைக்கு இப்பாத்தி உதவாது, மிளகாய்க்கு உதவும்.

நெல் அறுவடையான வயலிலும் கூட்டை உருட்டலாம். சிந்திய நெல்லும் பூச்சிகளும் உணவாகும். ஆயினும் முட்டையிடும் பேட்டிற்கு அவை போதா. வழக்கமான தீனியும் தூய நீரும் நிழலும் வேண்டும். பெருமழைக் காலத்திற் கூட்டை வளவின் மேட்டுநிலத்திற்குக் கொண்டுவந்து, அடியில் வைக்கோல் பரப்பி, நனைந்த வைக்கோலை அடிக்கடி மாற்றுக. அகற்றிய வைக்கோலைக் கூட்டெருக் குவியலிற் சேர்க்கலாம்.