தொரப்பள்ளியார் கண்ட கட்சி

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஓசூருக்கு அண்மையில் உள்ளது தொரப்பள்ளி என்னும் சிற்றூர். ஆங்கு 1878-ஆம் ஆண்டில் பிறந்தவர் இராஜாஜி. காங்கிரசிலே வளர்ந்து, இந்தியாவின் கவர்னர் ஜெனரலாகவும் விளங்கிய அவர், 1959-இல், எண்பது வயது நிறைந்தபின், அக்கட்சியை எதிர்த்துச் சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்தார்.

ஓய்வு கொள்ளத்தக்க வயதில் இப்பெருமுயற்சி எதற்கு? அவ்வாண்டு ஜனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ் மாநாடு கூட்டுறவுப் பண்ணை முறையை ஆதரித்தது. அதனால் உழவனுடைய நில உரிமை தேயும் என அவர் அஞ்சினார். ஆளுங்கட்சியைத் தட்டிக் கேட்க வலுவான எதிர்க்கட்சி வேண்டும் என்பதும் அவர் கருத்து. அவரது அச்சம் மிகையானது என்றோரும் உண்டு.

1967-இல் அவர் கட்சி தி. மு. கழகத்தோடு உடன்பாடு கொண்டது. கொள்கையால் இரண்டும் சேய்மையில் நின்றவையே! ஆயினும், சென்னை மாநிலத்தில் காங்கிரஸ் ஆட்சியை இழந்தது. மக்களவையில் சுதந்திராக் கட்சி 44 இடங்களைப் பெற்றது. இராஜாஜி 1972-இல் மறைந்தார்; 1974-இல் அக்கட்சி வேறொரு கட்சியில் கலந்துவிட்டது.