பதில் சொல்லாத சீனியரும், பயந்து நிற்கும் நம் பிள்ளைகளும்



சென்ற மாதம் வீடு சந்திப்புக்காக ஒரு குடும்பத்துக்குப் போயிருந்தோம். அந்த வீட்டு மகள் சென்னையில், பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. விடுமுறைக்கு வந்தவள் திரும்பிப் போக மனமில்லாமல் இருந்தாள். "சாமி, நல்ல சம்பளம், ஏசி ரூம்ல வேலை. இதுக்கு மேல என்ன வேணும்னு நீங்களே இவகிட்ட கேளுங்க" என்றார் தாய். மகள் தலையைக் குனிந்தபடியே சொன்னாள்: "ஃபாதர், எனக்கு மேல இருக்கிற அண்ணாகிட்ட சந்தேகம் கேட்டா பதிலே வராது. வந்தாலும், இதுகூடத் தெரியாதாங்கிற மாதிரிதான் வரும். எனக்கு இந்த வேலைக்குத் தகுதி இல்லைன்னு தோணுது."

அந்தக் கடைசி வார்த்தைதான் வீடு திரும்பிய பிறகும் நம்மை உறுத்திக்கொண்டிருந்தது. ஒருவர் பதில் சொல்லவில்லை. அதைத் தன் தகுதியைப் பற்றிய தீர்ப்பாகவே அந்தப் பிள்ளை எடுத்துக்கொண்டாள். இப்படி இரவில் தூக்கமில்லாமல் கிடக்கும் பிள்ளைகள் நம் பங்கில் இன்னும் எத்தனை வீடுகளில் இருப்பார்களோ! ஆகவே இன்று இதைப் பற்றிச் சற்று விளக்கமாகச் சிந்திப்போம்.

அந்த வேலை எப்படி நடக்கிறது?

முதலில் பெற்றோராகிய நாம் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கல்லூரியில் படித்ததை வைத்து மட்டும் இந்த வேலையைச் செய்துவிட முடியாது. ஒரு நிறுவனத்தின் மென்பொருள் என்பது பல ஆண்டுகளாகப் பலர் சேர்ந்து எழுதியது. பல தலைமுறையாக அறை அறையாகச் சேர்த்துக் கட்டிய பழைய வீட்டைப் போன்றது. எந்தச் சுவரை இடித்தால் எந்தக் கூரை இறங்கும் என்பது முழுமையாக எங்கும் எழுதி வைக்கப்பட்டிருக்காது. பெரும்பகுதி அங்கே நெடுநாள் இருப்பவர்களின் தலைக்குள்தான் இருக்கும்.

இரண்டாவது, புதியவர் எழுதும் கோடு அப்படியே பயன்பாட்டுக்குப் போய்விடாது. பெரும்பாலான இடங்களில் மூத்தவர் ஒருவர் அதைப் படித்துப் பார்த்து, சரி என்று ஒப்புதல் தர வேண்டும். இதைக் கோட் ரிவியூ என்கிறார்கள். அந்த மூத்தவர் மூன்று நாள் அதைத் திறந்தே பார்க்காவிட்டால், வேலை முடியவில்லை என்று பதிவாவது புதியவரின் பெயரில்தான். ஆகவே சீனியரின் உதவி இல்லை என்று ஒரு பிள்ளை சொல்லும்போது, அதை வெறும் மனத்தாங்கலாக எண்ணிவிடக் கூடாது. வேலைக்குள் போகும் கதவே அடைபட்டிருக்கிறது என்று பொருள்.

மூன்றாவது, நம் வளர்ப்பும் இதில் சேர்கிறது. பெரியவர்களை எதிர்க்கேள்வி கேட்கக் கூடாது என்று சொல்லித்தான் நாம் பிள்ளைகளை வளர்த்தோம். அண்ணா என்று அழைத்தவரிடம் இரண்டாம் முறை கேட்க அவர்களுக்கு நா எழுவதில்லை. ஆனால் அந்த வேலையில் கேட்பதும் வேலையின் ஒரு பகுதி. கேட்காமல் ஊகித்து எழுதினால், பிறகு பத்துப் பேர் உட்கார்ந்து அந்தத் தவறைத் தேட வேண்டியிருக்கும்.

மௌனம் ஒரே வகை அல்ல

மூத்தவர் ஒருவர் உதவாமல் இருப்பதற்கு மூன்று காரணங்களைக் காண்கிறோம். எது என்று அறிந்த பிறகே அடுத்த அடி எடுத்து வைக்க வேண்டும்.

முதல் காரணம் நேரமின்மை. சீனியருக்கும் தன் பங்கு வேலை உண்டு. அதற்குக் கெடு உண்டு. இரவில் வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேச வேண்டியிருக்கும். புதியவருக்குக் கற்றுக்கொடுப்பதற்கென்று பல இடங்களில் யாரும் அவருக்குத் தனியாக நேரம் ஒதுக்கித் தருவதில்லை.

இரண்டாவது, தான் தெரியாமல் இருந்த காலத்தை அவர் மறந்துவிட்டார். 1990-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வாளர் ஒரு சோதனை செய்தார். எல்லாருக்கும் தெரிந்த ஒரு பாட்டின் தாளத்தை ஒருவர் மேசையில் தட்ட வேண்டும். எதிரில் இருப்பவர் அது எந்தப் பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதிப் பாட்டுகளையாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நம்பினார்கள். ஆனால் 120 பாட்டுகளில் 3 மட்டுமே கண்டுபிடிக்கப்பட்டன. தட்டுகிறவரின் மனதுக்குள் பாட்டு முழுவதும் ஒலிக்கிறது. கேட்பவருக்கோ 'டக் டக்' என்ற சத்தம்தான். நம் பாடகர் குழுவில் இதைச் செய்து பார்த்தாலே விளங்கிவிடும். சீனியர் ஒற்றை வரியில் பதில் எழுதிவிட்டு, நன்றாகத்தானே விளக்கினோம் என்று நினைப்பதும் இப்படித்தான். அதில் கெட்ட எண்ணம் இருக்க வேண்டிய அவசியமில்லை.

மூன்றாவது காரணம் இகழ்ச்சி. பலர் முன்னிலையில் கேலி செய்வது, பிறப்பையோ ஊரையோ ஆங்கிலத்தையோ குத்திக் காட்டுவது, வேண்டுமென்றே செய்தி சொல்லாமல் விட்டுவிட்டுப் பிறகு பழி போடுவது. இது இருக்கிறது, இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் முதல் இரண்டையும் மூன்றாவதாக எண்ணி உடைந்து போகிறவர்களும் உண்டு. மூன்றாவதை முதலாவதாக எண்ணி, பாவம் அவருக்கு நேரமில்லை என்று ஆண்டுக் கணக்கில் சகித்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு. இரண்டுமே கேடுதான்.

முதல் இரண்டுக்கும் என்ன செய்யலாம்?

கேள்வியின் வடிவத்தை மாற்றலாம். "அண்ணா, வேலை செய்யலை" என்று அனுப்பினால், என்ன வேலை செய்யவில்லை என்று தேடும் பொறுப்பு அவர் தலையில் விழுகிறது. அதனாலேயே அவர் அதைத் தள்ளிப் போடுவார். நான்கு செய்திகளை எழுதுங்கள்: என்ன செய்ய முயன்றோம், எவ்வழிகளை முயன்று பார்த்தோம், திரையில் என்ன பிழைச் செய்தி வந்தது, நம் ஊகம் என்ன. கடைசியில், "இதுவா, அதுவா?" என்று ஒரே சொல்லில் பதில் சொல்லும்படி கேளுங்கள். இப்படி எழுதும்போதே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடுவதும் உண்டு. மேசையில் ஒரு ரப்பர் வாத்தை வைத்து, அதற்குக் கோடை வரி வரியாக விளக்குங்கள், தவறு தானே தெரியும் என்று 1999-இல் ஆண்ட்ரூ ஹன்ட், டேவிட் தாமஸ் இருவரும் எழுதிய நூல் ஒன்றிலிருந்து இந்தத் தொழிலில் ஒரு வழக்கமே உண்டு. வாத்து இல்லாவிட்டால் பரவாயில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

பத்து முறை குறுக்கிடாமல், சந்தேகங்களைச் சேர்த்து வைத்து, நாளுக்கு ஒருமுறை பதினைந்து நிமிடம் கேளுங்கள். சொன்ன பதிலை எழுதி, அணியினர் எல்லாரும் பார்க்கும் இடத்தில் வையுங்கள். அடுத்து வரும் புதியவருக்கு அது வழிகாட்டும். ரிவியூவுக்கு அனுப்பும்போது எண்ணூறு வரிகளை ஒன்றாகக் கொட்டாமல் சிறு சிறு பகுதிகளாக அனுப்புங்கள். சிறியதைப் படிக்க யாருக்கும் கை வரும்.

அப்படியும் அசையவில்லை என்றால், தினசரிக் கூட்டத்தில் உண்மையை உண்மையாகச் சொல்லுங்கள்: "இது செவ்வாய்க்கிழமையிலிருந்து ரிவியூவுக்காக நிற்கிறது. வேறு யாரிடமாவது கேட்கலாமா?" இதில் குற்றச்சாட்டு இல்லை, நாளும் நிலவரமும்தான் இருக்கிறது. ஒரே ஒருவரை மட்டும் சார்ந்து நிற்காதீர்கள். பக்கத்து அணியில் பொறுமையாகச் சொல்லித் தருகிறவர் ஒருவர் இருக்கக்கூடும். அவரைத் தேடிக் கண்டுபிடிப்பதும் நம் கடமையே.

தவறு செய்துவிட்டால் மறைக்காதீர்கள். ஏமி எட்மண்ட்சன் என்ற பேராசிரியர் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தார். நன்றாகச் செயல்படும் குழுக்களில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்பது அவர் எதிர்பார்ப்பு. ஆனால் அந்தக் குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அங்கே தவறைச் சொல்லப் பயமில்லை, சொன்னார்கள், திருத்தினார்கள். மற்ற இடங்களில் மூடி மறைத்தார்கள்.

மூன்றாவதுக்கு என்ன செய்வது?

இகழ்ச்சியைப் பொறுத்துக்கொள்வது புண்ணியம் என்று நாம் ஒருபோதும் போதிக்கக் கூடாது. என்ன நடந்தது, எந்த நாள், யார் இருந்தார்கள் என்று எழுதி வையுங்கள். மேலாளரிடம் போங்கள், அங்கே நியாயம் இல்லையென்றால் எச்.ஆர். துறைக்குப் போங்கள். பாலியல் தொல்லை என்றால் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களுக்குத் துணை நிற்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் உள்ளகக் குழு இருக்க வேண்டும். பொதுவாக மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் புகார் தர வேண்டும். மனம் தாங்காமல் போகும் இரவுகளில் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை அழைக்கலாம். அரசு நடத்தும் இலவச மனநல உதவி அது, தமிழிலும் பேசுகிறார்கள்.

வேறு வேலை தேடிக்கொண்டு போவது தோல்வி அல்ல. ஆனால் அழுத இரவில் அந்த முடிவை எடுக்க வேண்டாம்; அமைதியான ஒரு காலையில் எடுங்கள்.

ஓர் இளைஞன் திரும்பிப் போன கதை

திருத்தூதர் பணிகள் நூலில் யோவான் மாற்கு என்ற இளைஞரைப் பார்க்கிறோம். பவுல், பர்னபா ஆகியோரின் முதல் பயணத்தில் உதவியாளராகப் போனவர், பாதி வழியில் எருசலேமுக்குத் திரும்பிவிட்டார். ஏன் திரும்பினார் என்று நூல் சொல்லவில்லை. அடுத்த பயணத்துக்கு அவரை அழைத்துச் செல்ல பர்னபா விரும்பினார், பவுல் மறுத்துவிட்டார். இரு பெரியவர்களும் கடுமையாக முரண்பட்டுப் பிரிந்தார்கள். பர்னபா மாற்குவைக் கூட்டிக்கொண்டு சைப்பிரசுக்குக் கப்பலேறினார். பிற்காலத்தில் திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட மடலில், மாற்கு தம் பணிக்குப் பயன்படுவார், அவரை அழைத்து வா என்று அதே பவுல் கேட்பதைக் காண்கிறோம்.

பவுல் கெட்டவர் இல்லை. ஆனாலும் அந்த ஒரு நேரத்தில் அந்த இளைஞரின் மதிப்பை அவர் காணவில்லை. பெரியவர்களும் ஒருவரைக் குறைத்து எடைபோடுவதுண்டு. அந்த எடையை மாற்கு இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு பர்னபாவின் துணையோடு வேலையைத் தொடர்ந்தார்.

மூத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை

இதைக் கேட்பவர்களில் சீனியர்களும் இருக்கிறீர்கள். லினக்ஸ் என்ற மென்பொருளை 1991-இல் தொடங்கி உலகமெங்கும் புகழ்பெற்றவர் லினஸ் டோர்வால்ட்ஸ். பிறர் எழுதிய கோடில் குறை கண்டால் மின்னஞ்சலில் கடுமையாக ஏசுவார் என்பது ஊரறிந்த செய்தி. 2018 செப்டம்பரில் அவரே அதற்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். பிறர் உணர்வைப் புரிந்துகொள்ள உதவி நாடப் போவதாகச் சொல்லிச் சில வாரங்கள் விலகி இருந்துவிட்டுத் திரும்பினார். அதனால் அவர் திறமை ஒன்றும் குறைந்துவிடவில்லை. உங்களிடமும் யாரோ ஒரு பிள்ளை மூன்று நாளாக ஒரு பதிலுக்குக் காத்திருக்கக்கூடும். "இப்போது முடியாது, நாலு மணிக்கு வா" என்று ஒரு வரி எழுதினாலே அந்தப் பிள்ளை இரவு தூங்கும்.

பெற்றோரே, "சம்பளம் வருதில்ல, பல்லைக் கடிச்சிட்டு இரு" என்று சொல்லாதீர்கள். "உடனே விட்டுட்டு வந்துடு" என்றும் அவசரப்படுத்தாதீர்கள். "இன்னைக்கு யார்கிட்ட என்ன கேட்ட, அவர் என்ன சொன்னார்?" என்று கேளுங்கள். பிள்ளை சொல்லச் சொல்ல, அது எந்த வகை மௌனம் என்பது உங்களுக்கும் விளங்கும்.

அந்த மகள் சென்னைக்குத் திரும்பிவிட்டாள். போன வாரம் போனில் பேசினாள். கேள்விகளை எழுதி அனுப்பத் தொடங்கியிருக்கிறாள். இரண்டு கேட்டால் ஒன்றுக்குப் பதில் வருகிறதாம். அந்தச் சீனியர் இரண்டு புராஜெக்டுகளை ஒற்றை ஆளாகச் சுமக்கிறார் என்பதும் இப்போதுதான் தெரிந்ததாம். "இன்னும் சிரிக்க மாட்டேங்கிறார் ஃபாதர்" என்றாள். ஆனால் தனக்குத் தகுதி இல்லை என்ற பேச்சு இம்முறை அவள் வாயில் வரவில்லை.

இந்த வாரம் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு போன் செய்து, பொறுமையாகக் கேட்போம். வேலைக்குச் சென்று தனியாகத் தவிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு பர்னபா கிடைக்க மன்றாடுவோம்.