முதலில் நிறுத்தப் பழகுங்கள்

மதுரைக்கு வெளியே, ஒத்தக்கடை சுற்றுவட்டாரத்தில் யானைமலையைப் பார்த்தபடி பிளாட் போட்ட இடங்கள் நிறைய உண்டு. நுழைவாயிலில் ஒரு ஆர்ச், மஞ்சள் பெயின்ட் அடித்த எல்லைக் கற்கள், உள்ளே புதுத் தார் ரோடு. வீடுகள் இன்னும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் இங்கே ஒரு பள்ளிக்கூடமே நடக்கிறது. அப்பாக்களும் அண்ணன்களும் மாமன்களும் ஆளுக்கொரு வண்டியோடு வந்துவிடுவார்கள். முன்னால் பதறிக்கொண்டு ஒருவர் ஓட்ட, பின்னால் கேரியரைப் பிடித்தபடி ஒருவர் ஓடுவார். தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லோரும் மோட்டார் சைக்கிள் பழகுவது இப்படி ஒரு காலி இடத்தில், வீட்டு ஆள் ஒருவரிடம்தான். டிரைவிங் ஸ்கூல்கள் பெரும்பாலும் கார் சொல்லித்தரத்தான்.

அங்கே சற்று நேரம் நின்று காது கொடுத்தால் ஒரே பாடம் திரும்பத் திரும்பக் கேட்கும். “கிளட்ச மெதுவா விடு... இன்னும் மெதுவா... இப்ப லேசா முறுக்கு... செகண்டு போடு, செகண்டு போடு!” வண்டி கிளம்பி, கியர் மாறி, நேராக ஓடிவிட்டால் பாடம் முடிந்தது. “அவ்வளவுதான், பழகிட்ட!” என்று தோளில் ஒரு தட்டு. ‘பிரேக்’ என்ற சொல் காதில் விழுவது, வண்டி கருவேல முள்ளை நோக்கிப் போகும்போது மட்டும்தான்.

எனக்கு இதில் தீராத ஆதங்கம் உண்டு. கிளப்பக் கற்றுக்கொடுக்கிறோம், ஓட்டக் கற்றுக்கொடுக்கிறோம். நிறுத்துவதை அவரவர் பாட்டுக்கு விட்டுவிடுகிறோம். 2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அவர்களில் 44 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். அத்தனைக்கும் பிரேக்தான் காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. எதிரே வந்த லாரி, குடி, வேகம், தலையில் இல்லாத ஹெல்மெட் என்று காரணங்கள் பல. ஆனாலும் கடைசி நொடியில் ஒருவர் கையில் மிச்சமிருப்பது பிரேக் ஒன்றுதான். அதை ஒழுங்காகப் பிடிக்க அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை என்பதுதான் என் வருத்தம்.

என் அக்கா மகள் தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுடைய அப்பா வெளியூர் வேலைக்குப் போனதிலிருந்து அவருடைய ஸ்ப்ளெண்டர் வீட்டில் சும்மா நின்றது. “ஒரு வண்டி நிக்கும்போது இன்னொரு ஸ்கூட்டிக்கு எதுக்கு சித்தி இஎம்ஐ கட்டணும்?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. வேலைக்குப் போகும் பெண்களுக்குப் பாதி விலை அல்லது 25,000 ரூபாய் மானியம் தந்த ‘அம்மா இருசக்கர வாகனத் திட்டம்’ 2018 பிப்ரவரியில் தொடங்கியது. அதற்கு முன்பிருந்தே ஊரெல்லாம் பெண்கள் ஸ்கூட்டர் ஓட்டுகிறார்கள். ஆனால் கியர் வண்டி என்றால் இன்னும் ‘ஆம்பளைங்க வண்டி’தான். உடல் பலம் ஒரு காரணமே இல்லை. ஸ்ப்ளெண்டர் 112 கிலோதான். வண்டியைத் தூக்கிக்கொண்டா ஓட்டுகிறோம்?

எல்.எல்.ஆர். எடுத்த பிறகே வண்டியைத் தொடவிட்டேன். 18 வயது நிறைந்திருந்தால் பழகுநர் உரிமம் கிடைக்கும். ஆறு மாதம் செல்லும். 30 நாள் கழித்து டெஸ்டுக்குப் போகலாம். அதுவரை வெள்ளைப் பலகையில் சிவப்பு ‘எல்’ எழுத்து முன்னும் பின்னும் இருக்க வேண்டும். ஒன்பதாவது படிக்கும் பையனிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் பெருமைப்படும் அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை: 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டியின் சொந்தக்காரருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. சட்டத்தை விடுங்கள். அந்த வயதுப் பையனுக்கு வேகம் பிடிபடுகிற அளவுக்கு ஆபத்து பிடிபடாது.

முதல் நாள் இன்ஜினையே ஆன் செய்யவில்லை. ஹெல்மெட்டை மாட்டி வாரைப் பூட்டச் சொன்னேன். மைதானத்துக்கு எதற்கு என்று பலர் கழற்றி வைத்துவிடுகிறார்கள், பழகும்போதுதானே விழுவோம்! காலில் ஷூ, துப்பட்டாவைச் சுற்றி இடுப்பில் முடிச்சு. பிறகு நியூட்ரலில் வண்டியை இடப்பக்கம் நின்று தள்ளிக்கொண்டே நடக்க வேண்டும். பத்தடி நடந்ததும் வலது கையால் முன் பிரேக்கை மெல்லப் பிடித்து நிறுத்த வேண்டும். மறுபடி பத்தடி. ஹேண்டில்பார் நேராக இருக்கும்போது பிடித்தால் வண்டி ஒழுங்காக நிற்கிறது. ஹேண்டிலைத் திருப்பி வைத்துக்கொண்டு பிடித்தால் அந்தப் பக்கமாகச் சாயப் பார்க்கிறது. நடக்கிற வேகத்திலேயே அது கைக்குத் தெரிந்துவிடும்.

“சித்தி, இன்னைக்கு ஓட்டவே விட மாட்டீங்களா?”

“மொதல்ல நிறுத்து. ஓட்டுறது தானா வரும்.”

அடுத்தது கிளட்ச். இதைச் சொல்லிக்கொடுப்பவர்கள் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருமுறை சொல்லிவிட்டால் பழகுபவரின் பாதி பயம் போய்விடும். ஆயிலில் மூழ்கிய தட்டுகள் வரிசையாக நிற்கின்றன. ஒன்றுவிட்டு ஒன்று இன்ஜின் பக்கம், மற்றவை கியர்பாக்ஸ் பக்கம். ஸ்பிரிங்குகள் அவற்றை நெருக்கி வைத்திருப்பதால் எல்லாம் சேர்ந்து சுற்றுகின்றன. லிவரைப் பிடித்தால் நெருக்கம் விடுபட்டு இன்ஜின் தனி, சக்கரம் தனி. லிவரை மெதுவாக விடும்போது, முழுதாகச் சேர்வதற்கு முன்னால், தட்டுகள் வழுக்கிக்கொண்டே கொஞ்சமாக இழுக்கும். அதுதான் ஹாஃப் கிளட்ச். அந்த இடத்தைத் தாண்டிச் சட்டென்று விட்டால் வண்டி ஒரு குதி குதித்து ஆஃப் ஆகிறது.

அதனால் ஆக்ஸிலேட்டரைத் தொடாமலே ஃபர்ஸ்ட் கியர் போட்டு, இரண்டு காலும் தரையில் இருக்க, கிளட்ச் பிடிக்கிற இடத்தை இடது கை விரல்கள் கண்டுபிடிக்கும் வரை விட்டு விட்டுப் பிடிக்கச் சொன்னேன். வண்டி ஒரு அடி நகரும், நிற்கும். இதைப் பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது. பக்கத்து ரோட்டில் தம்பிக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்து, “அக்கா, முறுக்கச் சொல்லுங்க, அப்பதான் போகும்” என்றார். அவர் சொன்னதும் அவள் முறுக்கிவிட்டாள். வண்டி முன்னால் பாய்ந்தது. வண்டி பாயும்போது உடம்பு பின்னால் போகும். உடம்போடு சேர்ந்து வலது மணிக்கட்டும் கீழே இறங்கி இன்னும் முறுக்கிவிடும். புதிதாகப் பழகுகிறவர்கள் சுவரில் மோதுவது பெரும்பாலும் இப்படித்தான். அவள் இடது கை தானாக இறுகிக் கிளட்ச்சைப் பிடித்துவிட்டது. இன்ஜின் மட்டும் கத்தியது. வண்டியின் வேகம் அடங்கி நின்றது. பதறினால் முதலில் கிளட்ச் என்பது அவளுக்கு அன்றைக்கே கையில் ஏறிவிட்டது.

கியர் எனக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. ஒரு காலையில் பழகிவிடலாம். ஸ்ப்ளெண்டரில் நான்கும் முன்னங்காலால் கீழே மிதித்துப் போடுவது; அப்பாச்சியிலோ யமஹா எஃப்இசட்டிலோ ஒன்று கீழே, மற்றவை மேலே. இன்னொருவர் வண்டியை வாங்கி ஓட்டுவதற்கு முன் கேட்டுக்கொண்டால் போதும். பழைய வண்டிகளில் விதவிதமாக இருந்தது. மைசூரில் தயாரான எஸ்டியில் கிக்கரும் கியர் லிவரும் ஒன்றே. 1955 முதல் சென்னை திருவொற்றியூர் தொழிற்சாலையிலிருந்து வந்த புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். அந்தப் புல்லட்டில் பழகியவர்களுக்கு வேறு வண்டி கொடுத்தால் கியரில் தடுமாறுவதைக்கூடச் சமாளித்துவிடுவார்கள். திடீரென்று ஆடு குறுக்கே வந்தால்தான் சிக்கல். கால் பழைய பழக்கத்தில் இடது பக்கம் மிதிக்கும். அங்கே பிரேக் இருக்காது. அவசரத்தில் கைகாலுக்கு யோசிக்க நேரம் கிடையாது, பழகியதைத்தான் செய்யும்.

பிரேக்கை இவ்வளவு அழுத்திச் சொல்வதும் அதனால்தான். நம் ஊரில் தலைமுறை தலைமுறையாக ஒரு உபதேசம் வந்துகொண்டிருக்கிறது: “முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி அடிச்சிரும்.” சொல்பவர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். மணலிலோ வளைவிலோ முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்து விழுந்த ஒருவரை அவர்கள் பார்த்திருப்பார்கள். ஆனால் இந்த உபதேசத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் வண்டியின் பெரிய பிரேக்கைக் கடைசிவரை பயன்படுத்தாமலே இருந்துவிடுகிறார்கள். வேகம் குறையும்போது வண்டியின் எடை முன் சக்கரத்துக்கு மாறுகிறது. முன் டயர் தரையை அழுத்திப் பிடிக்கிறது. பின் டயர் லேசாகிவிடுகிறது. லேசான சக்கரத்தில் எவ்வளவு மிதித்தாலும் அது சுற்றுவதை நிறுத்திவிட்டு ‘சர்ர்’ரென்று இழுத்துக்கொண்டு போகும், பின்பக்கம் ஆடும். காய்ந்த தார் ரோட்டில் 40 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவர் இரண்டு பிரேக்கையும் சரியாகப் பிடித்தால் சுமார் 10 மீட்டரில் நின்றுவிடலாம். பின் பிரேக்கை மட்டும் நம்பினால் தோராயமாக அதில் இருமடங்கு தூரம் வேண்டும். இது பிரேக் பிடித்த பிறகு உள்ள கணக்கு. ஆபத்தைக் கண்டு கை அசைவதற்கு ஒரு நொடி ஆனால், அதற்குள்ளேயே 11 மீட்டர் போயிருப்போம்.

முன் பிரேக்கை எலுமிச்சம்பழம் பிழிவதுபோலப் பிடிக்க வேண்டும். தொடக்கத்தில் மெதுவாக, எடை முன்னால் வந்து ஃபோர்க் அமுங்கியதும் நன்றாக அழுத்தி. அதே நேரத்தில் வலது காலால் பின் பிரேக், கடைசியில் கிளட்ச். வண்டி நிமிர்ந்து, ஹேண்டில் நேராக இருக்க வேண்டும். வளைவில் பிடிக்காமல் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இதை வாயால் சொல்லிப் பயனில்லை. தார் ரோட்டில் ஒரு எல்லைக் கல்லைக் குறி வைத்து, 20-ல் வந்து நிறுத்து, 30-ல் வந்து நிறுத்து, 40-ல் வந்து நிறுத்து என்று அவளை ஓட்ட வைத்தேன். முதலில் கல்லைத் தாண்டித் தாண்டிப் போனாள். கண் முன் சக்கரத்தின் மேலேயே இருந்தது. தலையை நிமிர்த்தி ரோட்டின் கடைசியைப் பார்க்கச் சொன்னதும் வண்டியின் ஆட்டம் பாதி குறைந்தது. பார்க்கிற இடத்துக்குத்தான் வண்டி போகும். குழியையே பார்த்துக்கொண்டு போகிறவர் குழியில்தான் இறங்குவார்.

2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளில் ஏபிஎஸ் கட்டாயம். அதற்குக் கீழே உள்ளவற்றில் சிபிஎஸ்ஸாவது இருக்க வேண்டும். சிபிஎஸ் பைக்கில் கால் பிரேக்கை மிதித்தாலே முன் பிரேக்கும் கொஞ்சம் பிடிக்கும். நல்ல ஏற்பாடுகள். ஆனால் அக்கா வீட்டுக்காரரின் ஸ்ப்ளெண்டர் போல அதற்கு முந்தைய வண்டிகள் நம் தெருக்களில் ஏராளம். புதிதாகப் பழகுகிறவர்கள் கையில் கிடைப்பதும் பெரும்பாலும் வீட்டில் இருக்கும் பழைய வண்டிதான்.

ரோட்டுக்கு வந்த பிறகு மைதானத்தில் இல்லாதவை எல்லாம் வரும். மேலூர் பக்கம் அறுவடைக் காலத்தில் வைக்கோலையும் உளுந்துச் செடியையும் ரோட்டிலேயே பரப்பிவிடுகிறார்கள். அதன்மேல் பிரேக் பிடித்தால் டயருக்கும் தாருக்கும் சம்பந்தமே இருக்காது. கோடைக்குப் பிறகு வரும் முதல் மழையில், ரோட்டில் படிந்த எண்ணெயும் புழுதியும் சேர்ந்து வழுக்கும். பெயின்ட் அடிக்காத ஸ்பீடு பிரேக்கர், திருப்பத்தில் கொட்டிய மணல், சைடு ஸ்டாண்டை எடுக்க மறந்து இடப்பக்கம் திரும்புவது. பின்னால் ஆள் ஏறினால் வண்டி நிற்கும் விதமே வேறு. தனியாக ஓட்டக் கை நன்றாகப் பழகும்வரை யாரையும் டபுள்ஸ் ஏற்றாதே என்று கண்டிப்பாகச் சொன்னேன். அவள் அம்மாவுக்கே அதில் வருத்தம்தான். கோயிலுக்குப் போக வண்டி கிடைக்கும் என்று காத்திருந்தாள்.

டெஸ்ட் நாளன்று அவளோடு போயிருந்தேன். வரிசையாக வண்டிகள், பிரேக் இன்ஸ்பெக்டர், தரையில் எட்டு. கால் ஊன்றாமல் எட்டுப் போட வேண்டும். எட்டுப் போடுவதைக் குறைவாகச் சொல்ல மாட்டேன். மெதுவான வேகத்தில், ஹாஃப் கிளட்ச்சில், பின் பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டு, திரும்பப் போகும் பக்கம் தலையைத் திருப்பிப் பார்த்தால்தான் எட்டு வரும். நெரிசலில் ஓட்டுவதற்கு அது நல்ல பயிற்சி. அவள் அழகாகப் போட்டாள். கை சிக்னல் காட்டினாள். முடிந்தது, லைசென்ஸ் வந்துவிட்டது. 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்து ஒரு இடத்தில் நிறுத்திக் காட்டு என்று யாரும் கேட்கவில்லை. அவளுக்கு முன்னும் பின்னும் நின்றவர்களையும் கேட்கவில்லை.

இதற்குப் புதிதாகச் சட்டம் எதுவும் போட வேண்டியதில்லை. ஓட்டுநர் தேர்வில் எவற்றையெல்லாம் பார்க்க வேண்டும் என்று பட்டியலிடும் 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 15-வது விதியிலேயே, அவசரத்தில் வண்டியை நிறுத்தத் தெரிகிறதா என்பதும் இருக்கிறது. தேவையானது, எட்டுக்குப் பக்கத்தில் ஐம்பது மீட்டர் நேர் ரோடு, குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு, ஆளுக்கு ஒரு நிமிடம். இடம் இல்லாத அலுவலகங்கள் இருக்கலாம். இருக்கிற இடங்களிலாவது தொடங்கட்டும். டெஸ்டில் கேட்பார்கள் என்று தெரிந்துவிட்டால், பிளாட் போட்ட இடத்தில் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடும் அண்ணன்களும் “முறுக்கு” என்பதோடு “நிறுத்து” என்பதையும் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிவிடுவார்கள்.