பனிக் கடலில் ஒரு விருந்து

பன்னிரண்டு அடி நீளம். ஏறக்குறைய அரை டன் எடை. உடம்புக்குப் பொருந்தாத பெரிய தலை. வாயைத் திறந்தால் வரிசை வரிசையாய்க் கூரிய பற்கள். அண்டார்க்டிகாவின் பனிக் கடலில் வாழும் இந்தப் பிராணிக்குச் 'சிறுத்தை ஸீல்' என்று பெயர். உடம்பில் புள்ளி இருப்பதால் வந்த பெயர் என்பார்கள். குணத்தைப் பார்த்து வைத்திருந்தாலும் பொருத்தந்தான். 2003-ஆம் ஆண்டு, ஆராய்ச்சிக்காக அந்தப் பக்கத்துக் கடலில் நீந்திக் கொண்டிருந்த பிரிட்டிஷ் பெண் விஞ்ஞானி ஒருவரை ஒரு சிறுத்தை ஸீல் நீருக்குள் இழுத்துப் போய்க் கொன்றே விட்டது.

அப்படிப்பட்ட ஒன்றின் எதிரே, காமிராவும் கையுமாகத் தாமே போய் இறங்கினார் ஒருவர். பால் நிக்கலன் என்று பெயர். கனடா தேசத்துப் புகைப்படக்காரர்.

இறங்கியதும் என்ன நடந்தது? அந்தப் பெண் ஸீல் நேரே அவரிடம் வந்தது. காமிராவும் தலையும் சேர்ந்து உள்ளே போய்விடும்படியாக வாயைப் பிளந்து காட்டிற்று. மிரட்டிப் பார்த்ததுதான். மனிதர் ஓடவில்லை. (நீருக்குள் எங்கே ஓடுவது?) சற்று நேரம் கழித்து அது போய், உயிருள்ள ஒரு பெங்குவின் குஞ்சைப் பிடித்து வந்து, அவர் முன்னால் விட்டது. குஞ்சு தப்பி நீந்திப் போயிற்று. ஸீல் துரத்திப் பிடித்து மறுபடி கொண்டு வந்தது. மறுபடியும் இவர் சும்மா இருந்தார். 'சரி, இதற்கு ஓடுகிற இரையைப் பிடிக்கச் சாமர்த்தியம் போதாது' என்று தீர்மானித்ததோ என்னவோ, அடுத்தபடி களைத்துப் போன பெங்குவின் வந்தது. பிறகு செத்த பெங்குவின் வந்தது. அதையும் தொடாததைப் பார்த்து, கிழித்துத் தின்றே காட்டிற்று. செத்த பெங்குவினைக் காமிராவின் மேலேயே கொண்டு வந்து வைத்தது.

சாப்பிட மறுக்கும் குழந்தையின் பின்னால் சாதக் கிண்ணத்தோடு வீடு முழுவதும் சுற்றிய அனுபவம் உள்ள தாய்மார்களுக்கு இந்தக் காட்சியை அதிகம் விளக்க வேண்டியதில்லை. நாலு நாள் நடந்தது இந்த உபசாரம். நடுவில் ஒரு தடவை, நிக்கலனின் முதுகுப் பக்கமாக வேறொரு ஸீல் பதுங்கி வந்தபோது, நம் விருந்தளிக்கும் அம்மாள் அடித்தொண்டையில் உறுமி அதைத் துரத்தி அனுப்பியதாம். அது அன்பா, அனுதாபமா, அல்லது விளையாட்டா என்று ஸீலின் மனசுக்குள் புகுந்து பார்த்தவர் யாரும் இல்லை. ஆனால் 2006 நவம்பரில் 'நேஷனல் ஜியாகிரபிக்' பத்திரிகையில் அந்தப் படங்கள் வெளிவந்தன. கொலைகாரப் பிராணி என்று மட்டுமே கேள்விப்பட்டிருந்தவர்கள் அதன் முகத்தை முதல் தடவையாக நிதானமாய்ப் பார்த்தார்கள்.

நிக்கலனுக்குப் பனி புதிதல்ல. வட துருவத்தை அடுத்த பாஃபின் தீவில், இன்யூட் மக்களுக்கு நடுவே வளர்ந்தவர். வீட்டில் டெலிவிஷனோ டெலிபோனோ கிடையாது. பனிதான் விளையாட்டு மைதானம். கடல் உயிரியல் படித்து அரசாங்க உத்தியோகமும் பார்த்தார். உயிருள்ள பிராணிகளெல்லாம் காகிதத்தில் வெறும் எண்களாகி விடுகின்றனவே என்று அலுத்துப் போய்க் காமிராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பி விட்டார்.

இந்தத் தொழிலின் கஷ்டம் சாமானியமானதல்ல. மார்கழி விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளிப்பதற்கே நமக்கு உடல் வெடவெடக்கிறது. உப்பு கலந்திருப்பதால் கடல் நீர் பூஜ்யம் டிகிரியில் உறைவதில்லை, மைனஸ் 1.8 டிகிரி வரையில் தண்ணீராகவே இருக்கும். அதற்குள்தான் இவர்கள் இறங்குகிறார்கள். லோரான் பலஸ்டா என்ற பிரெஞ்சுக்காரர் 2015-ல் தென் துருவத்தின் அடேலி லாண்ட் கரையோரம், பனியில் துளை போட்டு, 70 மீட்டர் ஆழம் வரை போய் வந்தார். உடைகளும் கருவிகளுமாக அவர் சுமந்தது சுமார் 90 கிலோ. சில சமயம் ஐந்து மணி நேரம் நீருக்குள்ளேயே இருந்தார். ஊர் திரும்பிய பிறகும் கால் பெருவிரல்களின் நரம்புகள் மரத்துப் போய், சரியாகப் பல மாதங்கள் ஆயின. மிதக்கும் பனிமலை ஒன்றின் அடிப்பாகத்தை முழுசாகக் காட்ட, 147 படங்களை எடுத்து ஒன்றோடொன்று ஒட்ட வேண்டியிருந்தது. அவ்வளவு பெரிய உருவத்தை நீருக்குள் ஒரே பார்வையில் எந்தக் கண்ணாலும் பார்த்து விட முடியாது.

இத்தனை பாடுபட்டுக் கீழே போய்ப் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? வெறும் பனிக்கட்டிதானே என்று கேட்கலாம். மேலே நின்றால் வெள்ளை வெளேரென்று பாலைவனம் மாதிரிதான் தெரியும். கீழே போய் அண்ணாந்து பார்த்தால், பனிக் கூரையின் அடிப்புறம் பச்சையும் பழுப்புமாகப் பாசி படர்ந்திருக்கும். தலைகீழாகத் தொங்கும் வயல் என்று சொன்னால் தப்பில்லை. கூனி இறாலைப் போன்ற 'கிரில்' என்னும் சின்னஞ்சிறு பிராணியின் குஞ்சுகள், வேறு தீனி அரிதான குளிர் காலத்தில், இந்தப் பாசியைச் சுரண்டித் தின்று பிழைக்கின்றன. கிரிலைப் பெங்குவின் தின்கிறது, மீன் தின்கிறது, மலை போன்ற திமிங்கிலமும் தின்கிறது. பெங்குவின் வேட்டைக்குப் பேர் போன நம் சிறுத்தை ஸீலே கிரிலை நிறையத் தின்கிறது. கூரை போனால் வயலும் போயிற்று.

கூரைதான் போய்க் கொண்டிருக்கிறது. நிலக்கரியும் பெட்ரோலும் எரித்த புகை, பூமியின் மேல் போர்வை போலச் சூழ்ந்து, வெப்பத்தை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. சிறுத்தை ஸீல் விருந்து வைத்த அண்டார்க்டிக் தீபகற்பத்தின் மேற்குப் பக்கத்தில், இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மட்டும் ஏறக்குறைய 3 டிகிரி உஷ்ணம் ஏறியது. அந்தத் தீபகற்பத்தை அடுத்த பெல்லிங்ஸ்ஹாஸன் கடலில், 2022-ல் பனி சீக்கிரமே உடைந்து விட்டது. பேரரசப் பெங்குவின்கள் பனியின் மேல்தான் குஞ்சு பொரித்து வளர்ப்பவை. குஞ்சுகளுக்கு நீர் ஒட்டாத இறகு முளைப்பதற்குள் தரையே கரைந்தால் என்ன ஆகும்? அங்கிருந்த ஐந்து குடியிருப்புகளில் நாலில், அந்த வருஷத்துக் குஞ்சுகள் ஒன்று கூடப் பிழைத்திருக்காது என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள்.

இதையெல்லாம் உலகுக்குக் காட்டத்தான் நிக்கலனும், அவருடைய துணையான கிறிஸ்டினா மிட்டர்மையர் என்ற பெண் புகைப்படக்காரரும் 2014-ல் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். ஆனால் படம் காட்டுவதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது என்பதை அவர்களே அனுபவித்தார்கள். 2017-ல் கனடாவின் வடகோடித் தீவு ஒன்றில், எலும்பும் தோலுமாகத் தள்ளாடிய ஒரு பனிக்கரடியைச் சலனப் படம் பிடித்தார்கள். உலகமே பார்த்து அழுதது. 'பருவநிலை மாற்றம் என்றால் இதுதான்' என்ற பொருளில் பத்திரிகையும் தலைப்புக் கொடுத்து விட்டது. அந்தக் கரடிக்கு நோயா, காயமா, வயோதிகமா, பனி குறைந்ததால் வந்த பட்டினியா என்பது யாருக்கும் தெரியாது. விமரிசகர்கள் பிடித்துக் கொண்டார்கள். மறு வருஷம் அந்தப் பத்திரிகை, தான் அளவு மீறிப் போய் விட்டதாக ஒப்புக் கொண்டது. முழுக் கதையையும் சொல்லாமல் விட்டது பிசகாக இருக்கலாம் என்று மிட்டர்மையரும் எழுதினார்.

இதற்காக அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருந்தாலும், அந்தக் கரடியைக் காட்டிலும் பாசி படிந்த பனியின் அடிப்புறந்தான் கனமான சாட்சி என்று எனக்குத் தோன்றுகிறது. அதைப் பார்த்து யாருக்கும் கண்ணீர் வராது. வாதத்திலும் அது தோற்காது.

அத்தகைய படங்கள் பலன் தந்ததும் உண்டு. தென் துருவத்தின் ராஸ் கடலில் மூழ்கி ஜான் வெல்லர் என்ற அமெரிக்கர் எடுத்த படங்கள், அந்தக் கடலைக் காப்பாற்ற வேண்டும் என்ற பிரசாரத்தில் பயன்பட்டன. விஞ்ஞானிகள் பல வருஷம் வாதாடிய பிறகு, 2016-ல் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில் கூடிய சர்வதேசக் கமிஷன் ராஸ் கடலில் சுமார் 15 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பைக் காப்பிடமாக்கியது. அங்கே எல்லா அங்கத்தினர்களும் ஒருமிக்கத் தலையசைத்தால்தான் எதுவும் நடக்கும். நம் இந்தியாவும் அதில் ஓர் அங்கத்தினர்.

சிறுத்தை ஸீல் விருந்து வைத்த தீபகற்பத்துக் கடலையும் அவ்விதம் காக்க வேண்டும் என்று அர்ஜென்டினாவும் சிலியும் 2018-ல் ஒரு யோசனை கொண்டு வந்தன. கிரில் பிடிக்கும் பெரிய கப்பல்கள் அதிகம் வருவது அந்தப் பக்கந்தான். பிடித்த கிரில், வளர்ப்பு மீன்களுக்குத் தீனியாகவும் மருந்துக் கடைகளில் எண்ணெய் மாத்திரைகளாகவும் போகிறது. 2024 அக்டோபரில் கமிஷன் மறுபடி கூடியது. அந்த யோசனை நிறைவேறாமலே பிரதிநிதிகள் ஊர் திரும்பினார்கள்.