பெட்டியில் வந்த போன்

அமெரிக்காவில் மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ ஆறு மாதம் இருந்துவிட்டுத் திரும்பும் பெற்றோரின் பெட்டியில் பாதாம் பருப்பு, சாக்லேட், வைட்டமின் டப்பாக்களுக்கு நடுவே ஒரு கார்ட்லெஸ் போனும் ஏறிக்கொள்வது ரொம்ப நாள் வழக்கம். அங்கே விலை மலிவு. ஒரு பேஸ், மூன்று ஹேண்ட்செட் என்று ஒரே செட்டாகக் கிடைக்கும். ஹாலுக்கு ஒன்று, படுக்கையறைக்கு ஒன்று, மாடிக்கு ஒன்று. ஐ.டி. வளாகங்களை நம்பி சென்னைக்குத் தெற்கே சிறுசேரி, படூர், கேளம்பாக்கம் பக்கம் எழுந்த அடுக்ககங்களில் மூத்தவர்கள் தனியே இருக்கும் வீடுகள் கணிசம். முட்டி வலியோடு எழுந்து ஹாலுக்கு ஓடுவதற்குள் மணி நின்றுவிடும் வீடுகளில் கார்ட்லெஸ் ஆடம்பரமல்ல.

ஆனால் அந்த அமெரிக்க செட்டுக்கு இங்கே இரண்டு கண்டம் இருக்கிறது.

முதலாவது அடாப்டர். அமெரிக்க வீடுகளில் ஓடுவது 120 வோல்ட். நம் சுவரில் இருப்பது 230. அடாப்டரின் முதுகில் பொடி எழுத்தில் 100–240 என்று அச்சிட்டிருந்தால் பிழைத்தது. வெறும் 120 என்றிருந்தால், மாட்டிய கொஞ்ச நேரத்தில் தீய்ந்த வாடை வரும். அதே வோல்ட், அதே ஆம்பியருக்கு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வேறொரு அடாப்டர் தேடிப் பிடித்துச் சமாளிப்பவர்கள் உண்டு. அவர்கள் நேராக இரண்டாவது கண்டத்தில் போய் விழுகிறார்கள். அது அலைவரிசை.

இன்றைய கார்ட்லெஸ் போன்களில் பெரும்பாலானவை 'டெக்ட்' என்ற தொழில்நுட்பத்தில் இயங்குகின்றன. 1990களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் உருவான தரம் இது. அதற்கு முந்தைய அனலாக் செட்டுகளில் அடுத்த வீட்டுப் பேச்சு நம் காதில் விழும், நம் வீட்டு வம்பு அவர்களுக்குப் போகும். டெக்ட் பேச்சை எண்களாக்கிப் பூட்டி அனுப்புவதால் அந்தத் தொல்லை பெரும்பாலும் ஒழிந்தது. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் இது 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள இடத்தில் பேசுகிறது. அமெரிக்காவில் அந்த இடம் காலியில்லாததால் 1920 முதல் 1930 வரை ஒதுக்கி, 'டெக்ட் 6.0' என்று பெயர் வைத்தார்கள். அந்த ஆறுக்கும் அலைவரிசைக்கும் சம்பந்தமே கிடையாது. விற்பனைக்காக வைத்த பெயர். நம் ஊரிலோ 1920இலிருந்து 1980 வரை மொபைல் போன்கள் டவரோடு பேசும் பாதை. எனவே அமெரிக்க செட்டை இங்கே மாட்டினால் வீட்டுக்குள் எல்லாம் சரியாகவே இருக்கும். இடைஞ்சல் பக்கத்து டவருக்குப் போகும். வீட்டு போனுக்கு அந்த அலைவரிசை இங்கே அனுமதிக்கப்பட்டதும் அல்ல. பெட்டியில் 'டெக்ட் 6.0' என்று போட்டிருந்தால், பிள்ளை ஆசையாக வாங்கிக்கொடுத்ததாக இருந்தாலும், அங்கேயே விட்டுவிட்டு வருவது நல்லது. இங்கே விற்கும் கார்ட்லெஸ் போனுக்கு 2019 அக்டோபர் முதல் தொலைத்தொடர்புத் துறையின் கட்டாயப் பரிசோதனைச் சான்று வேண்டும்.

டெக்ட் சென்னைக்குப் புதிதல்ல. கேளம்பாக்கத்திலிருந்து இருபத்தைந்து, முப்பது கிலோமீட்டரில் உள்ள கிண்டி ஐ.ஐ.டி.யில், பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு 1990களில் மைடாஸ் நிறுவனத்தோடு சேர்ந்து இதே தரத்தை வைத்து 'கார்டெக்ட்' என்ற அமைப்பை உருவாக்கியது. தெருத்தெருவாகக் கம்பி இழுக்காமல் வீடுகளுக்குத் தொலைபேசி கொடுப்பது நோக்கம். மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்துக் கிராமங்களின் இணைய மையங்கள் 2000களின் தொடக்கத்தில் இதில்தான் ஓடின. கூரைமேல் ஆன்டெனா வைத்து, இடையில் மறைப்பு இல்லாமல் இருந்தால் பத்து கிலோமீட்டர்வரை எட்டியது. அந்த டெக்ட்தான் வீட்டுக்குள் இரண்டு சுவர் தாண்டத் திணறுகிறது! பெட்டியில் போட்டிருக்கும் '300 மீட்டர்' வெட்டவெளிக் கணக்கு. வீட்டுக்குள் 50 மீட்டரே நல்ல நாளில்தான். கான்கிரீட் தளமும் இரும்பு பீரோவும் ஃபிரிட்ஜும் சேர்ந்தால் அதுவும் சுருங்கும். போன் பாயின்ட் வாசல் ஓரத்தில் இருக்கிறது என்பதற்காக பேஸையும் அங்கேயே வைக்காமல், கம்பியை நீட்டி வீட்டின் நடுப்பகுதியில், மாடிப்படி அருகே உயரமாக வைத்தால், விலை கூடின மாடல் தராத பலனை அது தரும்.

கெட்டுப்போய்விட்டது என்று தூக்கிப் போடப்படும் கார்ட்லெஸ்களில் பலவற்றுக்கு நோய் பேட்டரியில்தான். எனவே கடையில் முதலில் ஹேண்ட்செட்டின் முதுகைத் திறந்து பார்க்க வேண்டும். உள்ளே சாதாரண 'ட்ரிபிள் ஏ' அளவில் இரண்டு ரீசார்ஜ் செல்கள் இருந்தால் நிம்மதி. இரண்டு மூன்று வருடத்தில் அவை தளரும்போது எந்தக் கடையிலும் மாற்று கிடைக்கும். கம்பி வைத்த தனி பேக் என்றால், அந்த மாடல் நின்றுபோன மறுவருடமே அலைச்சல். மாற்றும்போது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு என்று எழுதிய 1.2 வோல்ட் செல்லாகக் கேட்டு வாங்க வேண்டும். டி.வி. ரிமோட்டுக்குப் போடும் 1.5 வோல்ட் செல்லைப் போட்டுச் சார்ஜில் வைத்தால் கசியும், வெடிக்கவும் கூடும். முழுக்கத் தீர்ந்த பிறகே சார்ஜ் போட வேண்டும் என்பது பழைய நிக்கல் காட்மியம் காலத்து அறிவுரை. இப்போதைய செல்லுக்கு அது தேவையில்லை.

கேளம்பாக்கத்துக்கென்று தனியாக ஒரு தொல்லை உண்டு. உப்பளம் இருக்கும் ஊர். கிழக்கே முட்டுக்காட்டுக் கழியும் கோவளத்துக் கடலும். அந்தக் காற்றில் ஹேண்ட்செட்டின் சார்ஜ் முனைகள் சீக்கிரம் கறுக்கும். தொட்டிலில் வைத்தும் விளக்கு எரியவில்லையென்றால் சர்வீஸ் சென்டருக்கு ஓடுமுன் பென்சில் அழிப்பானால் முனைகளைத் தேய்த்துப் பார்க்கலாம்.

மற்றவை சின்னச் சங்கதிகள். அழைப்பவர் எண்ணை அனுப்ப நம் எக்ஸ்சேஞ்சுகளில் இரண்டு முறைகள் இருந்துவந்ததால், இரண்டுக்கும் இணங்கும் செட்டாக இருக்க வேண்டும். கடன் வேண்டுமா என்று கேட்கும் எண்களைத் தடுக்கும் பட்டன் இன்று அவசியம். தலையணைக்கடியில் தொலைந்த ஹேண்ட்செட்டைக் கூவ வைக்கும் பட்டன் அதைவிட அவசியம்.

இனி கரண்ட். கம்பியுள்ள பழைய போன், எக்ஸ்சேஞ்சிலிருந்து செம்புக் கம்பி வழியாக வரும் 48 வோல்ட்டில் உயிர்வாழ்ந்தது. வீட்டில் கரண்ட் போனது அதற்குத் தெரியவே தெரியாது. கார்ட்லெஸின் ஹேண்ட்செட்டில் பேட்டரி இருந்து என்ன, பேஸ் அணைந்தால் அதுவும் ஊமை. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியபோது மொபைல் டவர்களும் வரிசையாக அணைந்தன. எக்ஸ்சேஞ்சில் தண்ணீர் புகாத பகுதிகளில் பழைய லேண்ட்லைன் பேசியது. அடுத்த வருடமே வர்தா புயல். அப்போது கற்ற பாடத்தை நம்பி கார்ட்லெஸ் பக்கத்தில் சில நூறு ரூபாய்க்கு ஒரு சாதா போனையும் மாட்டிவைத்தவர்கள் புத்திசாலிகள். ஆனால் அந்தக் கணக்கும் இப்போது மாறிவிட்டது. செம்பு போய் ஃபைபர் வந்த வீட்டில் போன் கம்பி செருகியிருப்பது ஃபைபர் பெட்டியின் முதுகில். கண்ணாடி இழையில் ஒளி வரும், கரண்ட் வராது. பெட்டி அணைந்தால் சாதா போனும் சேர்ந்தே அணையும்.

இதற்கு இப்போது சிறிய 12 வோல்ட் யு.பி.எஸ்.கள் கிடைக்கின்றன. பெட்டியின் அடாப்டரில் என்ன வோல்ட் போட்டிருக்கிறது என்று பார்த்து வாங்கினால் சில மணி நேரம் தாங்கும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், ஃபைபர் பெட்டியும் கார்ட்லெஸ் பேஸும் மாட்டிய பாயின்ட்டுகள் அந்த லைனில் வருகின்றனவா என்று எலக்ட்ரீஷியனைக் கேட்க வேண்டும். ஃபேனுக்கும் லைட்டுக்கும் மட்டும் இழுத்துவிட்டுப் போன வீடுகள் ஏராளம். ஐப்பசி மழைக்கு முன் ஒருநாள் வீட்டுக்கு வரும் கரண்டை மெயினில் நிறுத்திவிட்டு ஹேண்ட்செட்டை எடுத்துக் காதில் வைத்தால், டயல் டோன் வருகிறதா இல்லையா என்பது அன்றே தெரிந்துவிடும்.