தீவை விட்டு வந்த யானை

விக்ரோலியில் மின்சார ரயில் ஏறிப் பைக்கலாவில் இறங்கினால், ஜீஜாமாதா தோட்டம் அண்மையிலேயே இருக்கிறது. அங்கே 1872-இல் திறக்கப்பெற்ற பாவு தாஜி லாட் பொருட்காட்சிசாலை உண்டு. குழந்தைகளுடன் செல்லும் நாம் புலியைக் காட்டும் அவசரத்தில், அச்சாலையின் அருகே வெட்டவெளியில் நிற்கும் கல் யானையைக் கவனிப்பதே இல்லை.

கராப்புரித் தீவுக்கு எலிபண்டா என்னும் பெயர் வரக் காரணம் இந்த யானையே. தீவில் இதனைக் கண்ட போர்த்துக்கேசியர் அப்பெயரை இட்டனர். 1814-இல் தலை வீழ்ந்தது. பின்னர் உடலும் சரிந்தது. 1864-இல் துண்டுகளை நகருக்குக் கொணர்ந்து, 1914-இல் இணைத்து நிறுத்தினார்கள். உற்று நோக்கினால் இணைப்புகள் புலப்படும்.

கிரேக்க நாட்டுத் தேலோஸ் தீவில் வேறு வழி கண்டார்கள். வெயிலிலும் காற்றிலும் தேய்ந்த பளிங்குச் சிங்கங்களை 1999-இல் அத்தீவிலேயே உள்ள சிறு பொருட்காட்சிசாலையில் சேர்த்தார்கள். பழைய இடத்தில் நகல்களை நிறுத்தினார்கள். சிங்கங்களும் பிழைத்தன, ஊரை விட்டுப் போகவும் இல்லை. நம் யானைக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. ஆயினும், கொணராது விட்டிருந்தால் அது வெறும் உடைகல்லாகியிருக்கும் என்றே எண்ணுகிறோம்.

யானையைக் கண்டபின் கேட்வேயில் படகேறுங்கள்; ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். குகையில் சுமார் 20 அடி உயரச் சதாசிவர், கங்காதரர், அர்த்தநாரீசுவரர், ஆடும் பெருமான் என, நம் கோயில்களில் பழகிய கோலங்களே எதிர்நிற்கும். மலையைக் குடைந்து வடித்தவை, பெயர்த்தெடுக்க முடியாதவை. புதன்கிழமை தோட்டமும் திங்கட்கிழமை குகைகளும் திறப்பதில்லை. ஞாயிறே நமக்கு ஏற்றது.