உங்களுக்குத் தெரியுமா? வாயில்லாத ஈ

1932-இல் ஜப்பானிய விஞ்ஞானி டோக்குநாகா முதன்முதலாக வர்ணித்த, ஏறக்குறைய 2 மில்லிமீட்டரே நீளமுள்ள ‘நிம்போமையா’ என்னும் ஈக்கு உண்பதற்கு வாயே கிடையாது. மயிர் விளிம்பிட்ட மெல்லிய சிறகுகளையும் ஓடைக்குள் இறங்கும் சமயத்தில் உதிர்த்துவிட்டு, ஆணும் பெண்ணும் பிரியாமலே நீருக்கடியில் முட்டையிட்டு, அங்கேயே பிராணனை விடுகின்றன.

ஜப்பானுக்கே உரிய விசித்திரம் என்று எண்ணப்பட்ட இதன் உறவினம் ஒன்று, 1965-இல், ‘பழைய ஈ’ என்று பொருள்படும் கிரேக்கப் பெயரோடு கிழக்குக் கனடாவின் ஓடைகளிலிருந்து வெளிப்பட, 1970-இல் மற்றொன்று கிழக்கு இமயத்திலிருந்து அறிமுகமாயிற்று. ஈ வர்க்கத்தின் ஆதி வடிவமே இதுதான் என்று அக்காலத்தில் சிலர் உற்சாகத்தோடு சாதித்தார்கள். பிற்கால ஆராய்ச்சி அவ்வளவு தூரம் போகவில்லை. ஆயினும், சண்பகத்தின் சுற்றமான மக்னோலியா மரங்களைப் போலவே, கிழக்கு ஆசியாவிலும் கிழக்கு வட அமெரிக்காவிலுமாக இந்த ஈக் குடும்பம் பிரிந்து வாழ்வது உண்மை.